நிறுத்தி வைத்த காரும் ஓட்டுநர் இருக்கையில் பிள்ளையும்



காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களில் சில வீடுகளின் வாசலில் ஒரு கார் மாதக்கணக்கில் அசையாமல் நிற்பதைக் காணலாம். வாங்கியவர் ஜித்தாவிலோ துபாயிலோ இருப்பார். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்பதற்காக மாமாவோ சாச்சாவோ வாரம் ஒருமுறை வந்து இஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைப்பார். மற்ற நாட்களில் அது பிள்ளைகளின் விளையாட்டிடம். ஸ்டீயரிங்கின் முன் ஒரு பிள்ளையை அமர்த்திவிட்டால் அரை மணி நேரம் வீட்டில் சத்தமிருக்காது. உம்மா சமையலை முடித்துவிடலாம். நிற்கிற கார்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்றொரு எண்ணம். அந்த எண்ணத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

நம் மக்தபில் ஓதும் ஏழு வயது மாணவன் ஒருவன். தன் வாப்பாவுடன் கழித்த நாட்களை அவன் விரல்விட்டு எண்ணிவிடுவான். வாப்பாவின் காரில் ஏறியதும் முதலில் வாகன துஆவை ஓதுவான். நாம் கற்றுக்கொடுத்ததுதான், மக்ரஜ் பிசகாது. பிறகு கண்ணாடியைச் சரிசெய்வான், கியரைத் தள்ளுவான், வாயால் ஹாரன் அடிப்பான். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு அவ்வழியே வந்தபோது, அவன் மாமா கதவருகே நிற்க, இவன் மும்முரமாக ஓட்டிக்கொண்டிருந்தான். "எங்கே பயணம்?" என்று கேட்டோம். "ஏர்போர்ட்டுக்கு, உஸ்தாத். வாப்பாவைக் கூப்பிடப் போறேன்" என்றான். இப்படிச் சொல்லும் பிள்ளையை இறங்கு என்று அதட்ட எவருக்கு மனம் வரும்?

சில வாரங்கள் சென்றன. ஒரு நாள் முற்பகலில் மாமா வழக்கம்போல் இஞ்சினை ஓடவிட்டு அணைத்தார். காரை முதல் கியரில் போட்டார். ஹேண்ட்பிரேக்கை இழுக்கவில்லை. உப்புக்காற்று வீசும் ஊரில் நாள்கணக்கில் இழுத்தபடி விட்டால் பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் பலரும் செய்வதுதான் இது. அந்நேரம் கைப்பேசி ஒலிக்கவே பேசிக்கொண்டே தெருமுனைவரை நடந்துவிட்டார். சாவி அதன் துளையிலேயே இருந்தது. பையன் ஏறினான், துஆ ஓதினான், வாப்பா செய்வதுபோல் சாவியைத் திருப்பினான். கார் ஒரு முழ தூரம் துள்ளிப் பாய்ந்து வாசற்படியில் மோதி நின்றது. அந்தப் படியில் அமர்ந்து சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்த அவனுடைய தங்கை, சற்று முன்புதான் தண்ணீர் குடிக்க உள்ளே சென்றிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

கியரில் கிடக்கும் கார் நகராது என்று நம்புவோர் நம்மில் பலர். சாவியைத் திருப்பாதவரைதான் அது உண்மை. கிளட்சை மிதிக்காமல் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் விசை நேரே சக்கரங்களுக்குச் சென்று கார் முன்னே பாயும். இஞ்சின் பிடித்துக்கொண்டால் நில்லாமல் போய்க்கொண்டும் இருக்கலாம். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார்கள் இப்போது வருகின்றன என்றாலும், நம் தெருக்களில் நிற்கும் பழைய கார்கள் பலவற்றில் அந்த ஏற்பாடு கிடையாது. சாவியே இல்லாதபோதும் ஆபத்து உண்டு. ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதிக்காமல் பார்க்கிங் நிலையிலிருந்து கியரை எடுக்க முடியாதபடி பூட்டு வைத்திருப்பார்கள். மேனுவல் காரில் ஒரு சிறுவனின் கை தள்ளினாலே கியர் நியூட்ரலுக்கு வந்துவிடும். ஹேண்ட்பிரேக்கும் இழுக்கப்படாமல், தரையும் சற்றே சரிந்திருந்தால் கார் உருளத் தொடங்கும். இஞ்சின் ஓடாத காரில் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பின் பிரேக் கல்லாக இறுகிவிடும். பிள்ளையின் கால் எட்டினாலும் பயனில்லை.

பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் செல்பவர் அவற்றின் கூர்முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அம்பை அங்கே எவரும் எய்யவில்லை. சும்மா எடுத்துச் செல்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கே இத்தனை பேணுதல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம்; ஹேண்ட்பிரேக்கில் கை வைக்கும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

பருவமடையாத பிள்ளையின் மீது பாவம் எழுதப்படுவதில்லை. ஆயினும் அவன் கையால் பிறர் பொருள் சேதமானால் இழப்பீடு நீங்கிவிடாது என்பது ஃபிக்ஹ் படித்தவர்கள் அறிந்த சட்டம். அறியாப் பிள்ளை செய்தது, கத்ர் அப்படி என்று சொல்லி அடுத்த வீட்டாரின் முகத்தைப் பெரியவர்கள் எப்படிப் பார்ப்பது?

விளையாட்டையே தடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே இறக்கை வைத்த குதிரையைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததாக அபூதாவூதில் வருகிறது. பிள்ளையின் கற்பனைப் பயணத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டு. பெரியவர் ஒருவர் உள்ளே உடன் அமர்ந்திருக்க வேண்டும். சாவி அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். வெயில் நேரத்தில் அதுவும் வேண்டாம். மூடிய காருக்குள் சில நிமிடங்களிலேயே சூடு ஏறிவிடும். குழந்தைப் பூட்டு போட்ட பின்கதவு உள்ளிருந்து திறக்காது.

வாகன துஆவை மனனம் செய்விப்பதோடு அதன் பொருளையும் இப்போது மக்தபில் விளக்கி வருகிறோம். இதை அல்லாஹ்தான் வசப்படுத்தித் தந்தான், நம் சக்திக்கு இது அடங்காது என்று ஒப்புக்கொள்கிற வாசகம் அது. அந்த மாணவன் கையை உயர்த்தி, "அன்னைக்கு எனக்கு அடங்கல, உஸ்தாத்" என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் சாவி இப்போது உம்மம்மாவின் அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மாமா இடப்பக்க இருக்கையில் அமர, இவன் ஓட்டுகிறான். ஏறுமுன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைப்பது அவன் வேலை. வாப்பா ஷஅபானில் வருகிறாராம், இன்ஷா அல்லாஹ். ஏர்போர்ட்டுக்கு மாமா ஓட்டுவார், தான் பின்னால் உட்கார்ந்து போகப்போவதாகச் சொன்னான்.