நின்று கொடுத்தவர்

புகைப்படக்காரர் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த, ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபின் உருவப்படங்களில் என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது, முகமே இல்லாத ஒன்று. 1919இல் எடுத்தது. கைகள் மட்டும். ஒரு விரல் நுனியில், ஊசி குத்தாமலிருக்கத் தையல்காரர்கள் மாட்டிக்கொள்ளும் சிறு உலோக உறை. வேலை தெரிந்த விரல்கள் என்று பார்த்தவுடன் புரிந்துவிடும். முகத்தைக் காட்டாமல் ஒருவரை இத்தனை நெருக்கமாகச் சொல்ல முடிகிறதே என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

ஸ்டீக்லிட்ஸ் புகைப்படக்காரர் மட்டுமல்ல, நவீன ஓவியங்களைத் தேடிச் சேர்த்தவர். நியூயார்க்கில் 1905இல் அவர் தொடங்கிய காட்சிக்கூடம் கதவிலக்கத்தாலேயே '291' என்று பெயர் பெற்றது. மத்தீஸையும் பிக்காசோவையும் அமெரிக்காவுக்கு அறிமுகப்படுத்தியது அந்தச் சிறிய இடம்தான். 1913ஆம் ஆண்டு 'ஆர்மரி' என்ற நவீனக் கலைக் கண்காட்சியில் கண்டின்ஸ்கியின் ஓவியத்தை வாங்கியவரும் அவரே. 1916இல் ஓ'கீஃபின் கரிக்கோட்டு ஓவியங்களை அவரைக் கேட்காமலேயே சுவரில் மாட்டினார். கழற்றச் சொல்லி நேரில் வந்த 28 வயதுப் பெண்ணை, 52 வயதுக்காரர் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

மறு ஆண்டே அவரைப் படமெடுக்கத் தொடங்கி, 1937 வரை முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். 1924இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஒரே படத்தில் ஒரு மனிதர் அடங்கமாட்டார், வருடக்கணக்கில் எடுத்துச் சேர்த்தால்தான் அது உருவப்படம் என்பது ஸ்டீக்லிட்ஸின் நம்பிக்கை. ஓவியங்களைச் சேர்த்த அதே கண் இங்கே ஒரு மனுஷியைச் சேர்த்தது.

அந்தச் சேகரிப்புக்கு உழைத்தவர் ஓ'கீஃப். பெரிய கண்ணாடித் தகட்டில் ஒரு படம் பதிய மூன்று நான்கு நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை அசையக் கூடாது. நெகட்டிவை நேரடியாகத் தாளின்மேல் வைத்து, அதே அளவில் பிளாட்டினம் அல்லது பல்லேடியம் அச்சாக எடுப்பார்கள். உருவம் தாளின் மேலே பளபளக்காது. இழைகளுக்குள்ளேயே ஊறி நிற்கும். கலைஞரே அந்தக் காலத்தில் போட்ட அச்சுக்குப் பிற்கால நகல் ஈடாகாது என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

1921இல் இந்தப் படங்கள் கண்காட்சிக்கு வந்தபோது ஊரே பேசியது. நிர்வாணப் படங்களும் அவற்றில் இருந்தன. அதன்பின் விமர்சகர்கள் ஓ'கீஃபின் ஓவியங்களிலும் பெண்ணுடலையே தேடினார்கள். அந்த வாசிப்பை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. படம் பெயரைக் கொடுத்தது. ஓவியத்தைப் பார்க்கும் கண்ணை மறைக்கவும் செய்தது.

1924இல் ஸ்டீக்லிட்ஸின் 27 புகைப்படங்களைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. ஓவியத்துக்கு நிகராகப் புகைப்படத்தை அமெரிக்க அருங்காட்சியகங்கள் ஏற்கத் தொடங்கிய காலம் அது. அந்தப் படங்களைப் பெற முன்னின்றவர் அந்த அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி. நடராசர் திருவுருவத்தின் பொருளை மேற்குலகுக்கு எடுத்துச் சொன்ன அந்த ஈழத்துத் தமிழர் மகன், ஒரு புதிய கலைக்கும் கதவு திறந்தார் என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

1946இல் ஸ்டீக்லிட்ஸ் காலமானார். படத்தில் நின்றவர் இப்போது தேர்ந்தெடுப்பவரானார். மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து அந்தப் பெருஞ்சேகரத்தைப் பிரித்துக் கொடுத்தார். நிறவெறி கோலோச்சிய தென்மாநிலத்தில், கறுப்பின மாணவர்கள் படித்த நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்கும் 101 படைப்புகளை அனுப்பினார். அவற்றில் செசானும் பிக்காசோவும் உண்டு. புகைப்படங்களில் தேர்ந்த அச்சுகளாக 1,600க்கும் மேற்பட்டவை வாஷிங்டன் தேசியக் காட்சிக்கூடத்துக்குச் சேர்ந்தன. ஸ்டீக்லிட்ஸை நாம் இன்று முழுமையாகப் பார்க்க முடிவது ஓ'கீஃபின் தேர்வால்தான்.

ஓ'கீஃபின் கைகளைக் காட்டும் 1919ஆம் ஆண்டு அச்சு ஒன்று 2006இல் நியூயார்க் ஏலத்தில் 14 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தத் தொகை எடுத்தவர் பெயருக்கு வந்தது என்று உலகம் சொல்லும். நான் அப்படி எண்ணவில்லை. உருவப்படம் இருவர் செய்யும் வேலை. மூச்சடக்கி நின்று கொடுத்து, அதனால் வந்த பேச்சையும் தாங்கி, கடைசியில் அதைக் காத்தும் வைத்தவருக்கு அதில் சரிபாதி உரிமை உண்டு. பழைய உருவப்படம் எதைப் பார்த்தாலும் நாம் அந்தப் பாதியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.