ஆறுமுகநேரியில் ஃபயர்வால் விதி எழுதுவோர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இரயில் பாதையில் காயல்பட்டினத்துக்கு முந்திய நிலையமாக உள்ள ஆறுமுகநேரி, உப்பளங்களாலும் அதை ஒட்டிய சாகுபுரத்து இரசாயன ஆலையாலும் அறியப்பட்ட பேரூர். உப்பு வாருவோரின் உழைப்பைப் பற்றித் தமிழில் புனைவும் ஆய்வும் எழுதப்பட்டுள்ளன. அதே ஊரில் கேமரா பொருத்துவோர், கேபிள் டிவி தொழிலிலிருந்து இணைய இணைப்புக்கு மாறியோர், கணக்கு அலுவலகங்களின் கணினிகளைப் பழுதுபார்ப்போர் ஆகியோர் செய்துவரும் ஒரு வேலையோ கைத்தொழில் என்ற பெயரைக்கூட இன்னும் பெறவில்லை. வலையமைப்பின் எந்த வழி திறந்திருக்க வேண்டும், எது அடைபட்டிருக்க வேண்டும் என்று விதி எழுதும் அந்த வேலையும் அதைச் செய்வோரும் இக்கட்டுரையின் பொருள்.

உப்பளம் சார்ந்த வணிகத்துக்கு இவ்வேலை தேவைப்படுவதன் காரணம் எளியது. வாரிய உப்பு தட்டுமேட்டில் அம்பாரமாகத் திறந்தவெளியில் கிடக்கிறது. அளத்தின் உரிமையாளர் தூத்துக்குடியிலோ சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கிறார். லாரி எடைமேடை, கணக்கு அலுவலகம், கிட்டங்கி ஆகியவை வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. இவை அனைத்தையும் ஒருவர் தம் கைபேசியில் பார்க்க விரும்பும்போது, அளத்து அலுவலகத்தின் சிறிய ரௌட்டர் உலக இணையத்தோடு பேச வேண்டியதாகிறது.

அந்தப் பேச்சு நடைபெறும் முறையை முதலில் விளக்குவது தகும். இணையத்தில் செல்லும் தரவு, பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் அனுப்புவதன் ஐபி முகவரி, பெறுவதன் ஐபி முகவரி, எந்த நெறிமுறையைச் சார்ந்தது என்பதைக் காட்டும் எண் ஆகியவை இருக்கும்; இதில் 1 என்பது ஐசிஎம்பி, 6 என்பது டிசிபி, 17 என்பது யூடிபி. டிசிபி, யூடிபி இரண்டிலும் இவற்றோடு போர்ட் எண் என்ற ஒன்றும் சேர்கிறது. ஒரே கணினியில் இயங்கும் பல சேவைகளுள் எதற்கு இந்தத் துண்டு உரியது என்று சொல்லும் இவ்வெண் 0 முதல் 65535 வரை செல்லும். பாதுகாக்கப்பட்ட இணையப் பக்கம் 443இலும், பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை 53இலும், விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் சேவை 3389இலும் காத்திருப்பது வழக்கம். ஃபயர்வால் இத்தலைப்புகளைப் படித்து, எழுதிவைத்த விதிகளோடு மேலிருந்து கீழாக ஒப்பிட்டு, முதலில் பொருந்தும் விதி சொல்வதைச் செய்கிறது. ஆகவே விதிகளின் வரிசை அவற்றின் உள்ளடக்கத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது. அனைத்தையும் மறுக்கும் விதி மேலே ஏறிவிட்டால் அதன் கீழுள்ள அனுமதிகள் எழுதப்படாதவையே.

கேமரா பொருத்துவோரிடம் வரும் கோரிக்கை பெரும்பாலும் ஒரே வடிவில் இருக்கிறது. "தம்பி, துபாய்ல இருந்தே அம்பாரம் தெரியணும்" என்பார் உரிமையாளர். "சரி அண்ணாச்சி" என்பதே விடையாக முடியும். அந்தச் சரிக்குப் பின்னால் நடப்பது போர்ட் ஃபார்வர்டிங் எனப்படும் ஏற்பாடு. ரௌட்டரின் வெளி முகவரியில் ஒரு போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டுகளை உள்ளே இருக்கும் கேமராப் பதிவுக் கருவிக்குத் திருப்பிவிடுமாறு விதி எழுதப்படுகிறது. அந்த விதி துபாயில் இருப்பவரை மட்டும் பிரித்தறிவதில்லை. உலகில் யார் அந்த எண்ணைத் தட்டினாலும் கருவியின் உள்நுழைவுப் பக்கம் விடைசொல்லும். 2016ஆம் ஆண்டில் பரவிய மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லே மாற்றப்படாமல் டெல்நெட் போர்ட் 23 திறந்து கிடந்த கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பிடித்துப் படையாக்கி, அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் பெயர்முகவரிச் சேவையைத் தாக்கி, உலகின் பெரிய இணையதளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கியது. ஒரு கிட்டங்கிக் கேமரா அதன் உரிமையாளருக்குத் தெரியாமலேயே மற்றொரு நாட்டின் சேவையை முடக்கும் கருவியாக முடியும் என்பதைப் பொருத்துவோருக்கு யாரும் முறையாகக் கற்பித்ததில்லை. எத்தனை கேமரா என்ற கணக்கில் கூலி பெறுவோரிடம் அந்தப் பொறுப்பை முழுவதும் சுமத்துவதும் நியாயமன்று.

அண்மைக் காலத்தில் இந்நிலை ஓரளவு மாறியிருக்கிறது. முகவரிப் பற்றாக்குறையால் இணையச் சேவையாளர்கள் பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்தளிக்கின்றனர். இதற்கென 2012இல் 100.64 என்று தொடங்கும் தனி முகவரித் தொகுதியே ஒதுக்கப்பட்டது. இத்தகைய இணைப்பில் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. எனவே கருவியே வெளியே உள்ள நிறுவன வழங்கிக்குச் சென்று பதிவுசெய்துகொள்ளும் முறைக்குத் தொழில் நகர்ந்துள்ளது. வெளியிலிருந்து வரும் வழி அடைபட்டாலும், உள்ளிருந்து வெளியே செல்லும் வழி எவ்விதக் கேள்வியும் இன்றித் திறந்தே கிடக்கிறது. கேமராக்களுக்குத் தனி வலைப்பிரிவு அமைத்து, அவை கணக்குக் கணினியைத் தொடாதபடியும் தமக்குரிய வழங்கியைத் தவிர வேறெங்கும் செல்லாதபடியும் விதி எழுதுவது திறமையான கையின் அடையாளம்.

இத்தொழிலின் மிக நுட்பமான பகுதி, ஊருக்குள் இணைய இணைப்பு வழங்கும் கேபிள்காரர்களின் சிறு அறைகளில் நடைபெறுகிறது. இங்கெல்லாம் மைக்ரோடிக் ரௌட்டர் பரவலாகப் பயன்படுகிறது. அதன் விதிகள் ரௌட்டரையே நோக்கி வருபவை, அதைக் கடந்து செல்பவை, அதிலிருந்து கிளம்புபவை என்ற மூன்று தொடர்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தேர்ந்தவர் விதி எழுதும் முறையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஏற்கெனவே உள்ளிருந்து தொடங்கப்பட்ட தொடர்பின் மறுமொழியை முதலில் அனுமதிக்கிறார். ஃபயர்வால் ஒவ்வொரு தொடர்பின் நிலையையும் நினைவில் வைத்திருப்பதால், மிகுதியான பாக்கெட்டுகள் இந்த ஒரே விதியில் தீர்ந்து, கருவியின் சுமை குறைகிறது. அடுத்து ஒழுங்கற்ற பாக்கெட்டுகளைக் கழிக்கிறார். பிறகு ரௌட்டரையே நோக்கி வருபவற்றில் தம் மேலாண்மைக் கணினியின் முகவரிக்கு மட்டும் வழிவிட்டு, கடைசியில் எஞ்சிய அனைத்தையும் மறுக்கிறார். இந்த வரிசை அமையாத ரௌட்டர்களுக்கு நேர்ந்ததை 2018 காட்டியது: வின்பாக்ஸ் என்ற மேலாண்மைச் செயலி பயன்படுத்தும் 8291ஆம் போர்ட்டை இணையம் முழுவதற்கும் திறந்துவைத்திருந்த இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள், மென்பொருள் ஓட்டை ஒன்றின் வழியே கைப்பற்றப்பட்டு, அவற்றின் வழியே சென்ற பக்கங்களில் மறைநாணயம் தோண்டும் நிரல் செருகப்பட்டது.

ஐசிஎம்பி குறித்து ஒரு சொல் இங்கே அவசியம். 'பிங்' எனப்படும் சோதனை இந்நெறிமுறையில் நடப்பதால், தம்மை மறைத்துக்கொள்ளும் எண்ணத்தில் சிலர் அதை முழுவதும் அடைத்துவிடுகின்றனர். ஆனால் பிபிபிஓஇ முறையில் வரும் அகலக்கற்றை இணைப்பில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட்டிலிருந்து 1492ஆகக் குறைகிறது. பெரிய பாக்கெட் ஒன்று தடைபடும்போது அளவைக் குறைக்கச் சொல்லும் செய்தியும் ஐசிஎம்பியிலேயே வருகிறது. அதை அடைத்துவிட்டால் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் நின்றுவிடும். வாடிக்கையாளர் கம்பியைக் குறை சொல்வார். உப்புக்காற்றில் செப்பு முனைகள் பச்சை பூத்துப் பழுதாகும் இந்தக் கடற்கரையில் கம்பியைச் சந்தேகிப்பது இயல்பே என்பதால், உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிக்க அனுபவம் தேவைப்படுகிறது. தொலைவிலிருந்து விதி மாற்றுவோர் தம்மையே வெளியே தள்ளி அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதற்காகவே பாதுகாப்பு நிலை என்ற வசதி மைக்ரோடிக் கருவியில் தரப்பட்டுள்ளது. தொடர்பு அறுந்தால் கருவி தானாகவே பழைய விதிகளுக்குத் திரும்பும்.

கணக்கு அலுவலகங்களின் சிக்கல் வேறு வகையானது. டேலி என்ற கணக்கு மென்பொருள் இயங்கும் கணினியை வீட்டிலிருந்து இயக்க 3389ஐ நேரடியாக இணையத்தில் திறப்பது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்போருக்கு மிகப் பழகிய நுழைவாயிலைத் தருவதாகும். எண்ணை மட்டும் 33890 என்பதுபோல மாற்றிவைப்பது பயன்தராது. எல்லா எண்களையும் வருடிப் பார்க்கும் நிரல்கள் இரவுபகலாக ஓடுகின்றன. விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட வழியை முதலில் அமைத்து, அதற்குள் வந்தோருக்கு மட்டும் 3389ஐக் காட்டுவதே தக்க முறை. வயர்கார்டு போன்றதாயின் யூடிபியில் வழக்கமாக 51820 என்ற ஒரு போர்ட் மட்டும் வெளியே திறந்திருந்தால் போதும். உரிய திறவுகோல் இல்லாமல் தட்டுவோருக்கு அது விடைகூடச் சொல்லாது.

திறப்பதைவிட மூடுவதே இத்தொழிலில் அதிகம் மறக்கப்படுகிறது. உப்பளத்தில் சுமார் 25 போமே அடர்த்தியை எட்டிய நீரைப் பாத்திக்குள் விடுவதோடு வேலை முடிவதில்லை. 29ஐ நெருங்கும்போது கழிநீரை வெளியேற்றாவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து விளைந்த உப்பே கசந்துபோகும். ஃபயர்வால் விதிக்கும் அத்தகைய காலக்கெடு உண்டு. மென்பொருள் பழுதுபார்க்க ஒரு நாளுக்குத் திறந்த போர்ட், வேலை முடிந்தபின்னும் ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடப்பது பல அலுவலகங்களில் காணக்கூடியது. விதி ஒவ்வொன்றோடும் குறிப்பு எழுத இடம் தரப்பட்டுள்ளது. யாருக்காக, எதற்காக, எந்த நாள் வரை என்ற மூன்றையும் அதில் எழுதும் பழக்கம் உள்ளவர் இத்தொழிலில் மதிக்கப்பட வேண்டியவர்.

இதே கடற்கரையில் தெற்கே உள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தில், 2019ஆம் ஆண்டு தீநிரல் ஒன்று கணினியில் புகுந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது; தாக்கப்பட்டது நிருவாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பின் கணினி என்றும், உலை சார்ந்த வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் அறிவித்தது. பிரித்துவைத்தல் என்ற அந்த ஏற்பாட்டின் அருமை, ஆலைக் கருவிகள் பேசும் மோட்பஸ் போன்ற நெறிமுறைகளை அறிந்தால் விளங்கும். 502ஆம் போர்ட்டில் இயங்கும் மோட்பஸ் அதன் மூல வடிவில் கடவுச்சொல் கேட்பதில்லை. அணுக முடிந்தவர் எவரானாலும் கட்டளையிட முடியும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழு வெளியிட்ட ஆணை, இத்தகைய தாக்குதல் நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்கவும் பதிவேடுகளை 180 நாள் காக்கவும் பணித்தது. பெரிய நிறுவனங்களுக்கு இதைச் செய்யத் தனித்துறை உண்டு. சிற்றூரில் அச்சுப்பொறிக்கு மை நிரப்பும் அதே கை விதியையும் எழுதுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளங்கள் நீரில் மூழ்கி உற்பத்தி நிற்கும் காலத்தில் இத்தொழிலாளருக்கு வேலை கூடுகிறது. இடியும் மின்னலும் ரௌட்டர்களை எரித்துவிட, அவசரத்தில் மாற்றப்படும் புதிய கருவி ஆலை அமைப்புகளோடு, எழுதிய விதி ஒன்றும் இல்லாமல் வந்து அமர்கிறது. கேமரா தெரிந்துவிட்டால் உரிமையாளர் நிறைவடைகிறார். அடைத்துவைத்த வழிகள் மறுபடி திறந்துவிட்டதை அவர் அறிய வழியில்லை. வாடிக்கையாளர்தோறும் விதிகளைக் கோப்பாக எடுத்து மடிக்கணினியில் சேமித்துவைத்திருப்போர், மின்னல் அடித்த மறுநாள் அக்கோப்பைப் புதிய கருவிக்கு ஏற்றபடி திருத்தி ஏற்றி, வெளியிலிருந்து கைபேசி இணைய வழியே ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டிப் பார்த்து, விடை வரக்கூடாத இடங்களில் விடை வரவில்லை என்று உறுதிசெய்த பின்னரே கருவிப் பெட்டியை மூடுகின்றனர். அந்தச் சோதனைக்குக் கூலிப் பட்டியலில் இன்றுவரை ஒரு வரி இல்லை.