தோன்றா எழுவாய்

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த முதல் கிழமையே அந்த வாக்கியம் பழகிவிட்டது: ‘இனந்தெரியாதோரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.’ நான் திருத்திக் கொடுத்த பிரதியில் சுட்டவர்கள் எந்தத் தரப்பு என்பது ஜாடையாக இருந்தது. செய்தி ஆசிரியர் சிவப்புப் பேனையால் அதை வெட்டினார். “தம்பி, ஆர் சுட்டதெண்டு ஊருக்கே தெரியும். நாங்கள் அச்சடிச்சால் செய்தி தந்த பெடியன் நாளைக்கு இருக்கமாட்டான்.” வெட்டிய இடத்தில் வேறொன்று கேட்டார்: “பக்கத்துக் காவலரண் எத்தனை மீற்றர் எண்டு கேட்டுப் போடும். ஊரடங்கு நேரமோ எண்டும் போடும்.”

இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று படித்திருக்கிறோமே, அதைப் போலத்தான். வாக்கியத்தில் செய்தவர் இருக்கமாட்டார். ஆனால் தூரமும் நேரமும் இருக்கும். மிச்சத்தை வாசகர் நிரப்பிக்கொள்வார். 2000 ஒக்டோபர் 19 இரவு பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி தந்துவந்த மயில்வாகனம் நிமலராஜன் யாழ் நகரில் தன் வீட்டில் கொல்லப்பட்டபோதும், ஊரடங்கு வேளை, சுற்றிலும் இராணுவக் காவலரண்கள் என்ற இரண்டு விவரங்களே போதுமாயிருந்தன. அந்த வழக்கில் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

சில ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஒரு நாளிதழின் மேசைக்கு வந்தேன். இங்கே ‘இனந்தெரியாதோர்’ கிடையாது, ‘மர்ம நபர்கள்’. நான் பழக்கதோஷத்தில் எழுதுவதைப் பிழை திருத்துபவர் தினமும் மாற்றுவார். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் ‘பிரபல தனியார் மருத்துவமனை’யில் தொடங்கியது. லிஃப்ட் விழுந்து ஊழியர் ஒருவர் இறந்த செய்தி. மருத்துவமனையின் பெயர் முதல் தகவல் அறிக்கையிலேயே இருந்தது. தலைமை உதவி ஆசிரியர் அதை எடுத்தார். “வருஷம் முழுக்க முழுப்பக்க விளம்பரம் குடுக்கறாங்க, சார். விட்ருங்க.” சரி, பழைய வித்தையைக் காட்டுவோம் என்று தெருவையும் எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்தையும் சேர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே அதையும் அடித்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் உயிருக்குப் பயந்து பெயரை மறைத்தோம், தடயத்தை விட்டுவைத்தோம். இங்கே யாரும் யாரையும் சுடவில்லை; தடயமும் போயிற்று.

சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இலங்கைதான் முன்னே நிற்கும். குற்றவியல் அவதூறை 2002இலேயே அங்கே நீக்கிவிட்டார்கள். இந்தியாவில் 2016இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இருக்கிறது. ஆனால் அவதூறுக்குச் சிறை இல்லாத நாட்டில்தான் 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ நாளிதழின் அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். மறுநாள் கொழும்பில் யுனெஸ்கோவின் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள் கூட்டம். 2009 ஜனவரியில் ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டார். இங்கே நீதிமன்றப் படியேறி வென்றவர்கள் உண்டு: மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவதை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்று 1994இல் ‘நக்கீரன்’ இதழ் பெற்ற தீர்ப்பைச் சென்னைக்கு வந்த புதிதில் பொறாமையோடு படித்தேன். அந்தத் தீர்ப்பு அரசிடமிருந்து காப்பாற்றும். விளம்பரப் பிரிவிலிருந்து வரும் தொலைபேசிக்கு அதில் ஒரு வரி இல்லை. காசுக்குச் செய்தி விற்பதைப் பற்றி இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2010இல் அறிக்கை கொடுத்தது. கண்டிப்பதைத் தாண்டி அதற்கு அதிகாரம் கிடையாது.

யாழ்ப்பாணத்தில் ஒருமுறை, கொல்லப்பட்டவரின் தாயார் அலுவலகத்துக்கு வந்து, “இன்னும் ஒண்டும் எழுதாதேங்கோ பிள்ளையள், மற்றவன் இருக்கிறான்” என்று கேட்டுப் போனார்.

லிஃப்டில் இறந்தவரின் அண்ணன் மூன்றாம் நாள் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை. என் மேசையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, ‘பிரபல தனியார்’ என்பதை அடித்துவிட்டு, மேலே மருத்துவமனையின் பெயரை எழுதி, பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்தார்.