இரண்டு ரெசிஸ்டர் பவர் சப்ளை ஆகாது

இன்ஜினியரிங் மாணவர்கள் கொண்டுவரும் புராஜெக்ட் போர்டுகளில் அடிக்கடி பார்க்கிறேன். 5 வோல்ட்டை 3.3 ஆக்க, 1 கிலோஓம், 2 கிலோஓம் என்று இரண்டு ரெசிஸ்டர். மல்டிமீட்டர் 3.33 காட்டும். வைஃபை மாட்யூலை மாட்டினால் உயிரே வராது. மாட்யூல் போய்விட்டது என்று புதிது வாங்கக் கிளம்புகிறார்கள், பாவம். மாட்யூலில் குறையே இல்லை.

இப்படி இரண்டு ரெசிஸ்டரால் வோல்டேஜைப் பிரிப்பதுதான் வோல்டேஜ் டிவைடர். யாரும் கரண்ட் இழுக்காதவரைதான் அதன் கணக்கு நிற்கும். அந்த இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து லோடுக்கு முன்னால் சுமார் 667 ஓம் தடையாக நிற்கின்றன. 1 மில்லிஆம்பியர் இழுத்தாலே 2.67 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். 5 மில்லிஆம்பியரில் ஏறக்குறைய பூஜ்யம். இஎஸ்பி8266 வைஃபை மாட்யூல் சிக்னல் அனுப்பும்போது 100 மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கும்! ரெசிஸ்டர் மதிப்பைக் குறைக்கலாமே என்பார்கள். குறைத்தால் லோடு இல்லாதபோதும் கரண்ட் வீணாகிச் சூடேறும். வோல்டேஜ் ஆடுவதும் முழுதாக நிற்காது.

பவர் கொடுக்க வேண்டியது ரெகுலேட்டர். அது வெளியே வரும் வோல்டேஜை உள்ளே இருக்கும் ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு இடைவிடாமல் திருத்தும். 5 வோல்ட்டை 3.3 ஆக்க ஏஎம்எஸ்1117-3.3 ரெகுலேட்டர் போதும், டேட்டாஷீட் சொல்லும் கெபாசிட்டரை விட்டுவிடக் கூடாது. 12 வோல்ட்டிலிருந்து 5 வேண்டுமென்றால், 7805 ரெகுலேட்டர் அரை ஆம்பியருக்கே 3.5 வாட் சூட்டைக் கக்கும். அங்கே பக் கன்வெர்ட்டர்தான் என் தேர்வு.

ஆர்டுயினோவின் 5 வோல்ட் சிக்னலை 3.3 வோல்ட் பின்னுக்கு இறக்கவும், பேட்டரி வோல்டேஜை அளக்கவும் டிவைடர் அருமையானது. தம்பி தங்கைகளே, போர்டுக்குப் பவர் கொடுக்க மட்டும் அதை நம்பாதீர்கள். புது மாட்யூல் வாங்கும் முன், லோடை மாட்டிவைத்து ஒருமுறை அளந்து பாருங்கள்.