மணல் தின்னும் இரும்பு

என் தங்கை மகன் "நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு" என்றான். "நவியே என்று சொல்லடா" என்றேன். பிரெஞ்சில் படித்தவர்களுக்கு உள்ள வியாதி இது, எழுபது தாண்டியும் போகவில்லை. பாரீஸில் ஈஃபெல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் நவியேயும் ஒருவர். பாலம் கட்டும் அரசாங்க எஞ்சினியர். 1822-இல் திரவ ஓட்டத்துக்குச் சமன்பாடு எழுதினார். இன்று அதைக் கணினியில் ஏற்றி, தண்ணீரோடு வரும் மணல் எந்தச் சுவரை எவ்வளவு அரிக்கும் என்று பார்க்கிறார்கள். பையனுக்கு அதுதான் உத்தியோகம்.

இது எதற்கு என்பீர்கள். இமாசலத்தில் சட்லெஜ் நதியில் நாத்பா ஜாக்ரி மின்நிலையம், 1,500 மெகாவாட். மழைக்காலத்தில் நதி மலையையே கரைத்துக்கொண்டு வரும். அந்த மணலில் குவார்ட்ஸ் அதிகம். டர்பைன் எஃகைவிடக் கடினமானது. மணலைப் படியவைக்கப் பூமிக்கடியில் பெரிய அறைகள் கட்டியிருக்கிறார்கள். ஆனால் 0.2 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள் பெரும்பாலும் தப்பித்துப்போய் டர்பைன் இலைகளைத் தின்றுவிடுகிறது. வண்டல் மிஞ்சினால் நிலையத்தையே நிறுத்துவார்கள். நிறுத்தினால் மின்சாரம் போச்சு, ஓட்டினால் இலை போச்சு.

மென்பொருள் முதலில் நீரோட்டத்தைக் கணக்கிடும். பிறகு ஆயிரக்கணக்கில் துகள்களை விட்டு, ஒவ்வொன்றும் சுவரில் என்ன வேகத்தில், என்ன கோணத்தில் மோதுகிறது என்று குறித்துக்கொள்ளும். நேராக மோதுவதுதான் கெடுதல் என்று நினைத்தேன். எஃகுக்கு அப்படியில்லையாம், 20, 30 டிகிரி சாய்வில் உரசிப்போகும் மணல்தான், தச்சன் இழைப்புளி போல, அதிகம் சீவுகிறது. பீங்கான் மாதிரி நொறுங்கும் பொருளுக்குத்தான் நேர் மோதல் ஆகாது. வேகம் இரட்டித்தால் தேய்மானம் நான்கு மடங்கு, அதற்கு மேலும் போகும்.

திரையில் சில இடங்கள் சிவப்பாகத் தெரிந்தன. "இது எத்தனை மாதம் தாங்கும்?" என்றேன்.

"இடத்தை ஓரளவு நம்பலாம் மாமா. தேதியை நம்ப முடியாது."

அதே உலோகத்தில் அதே மணலை அடித்துப் பார்த்துத்தான் கணக்குக்கு வேண்டிய எண்ணை எடுக்கவேண்டும். பெரும்பாலும் வேறு எவரோ வேறு மணலில் எடுத்ததை வைத்து ஓட்டுகிறார்கள். அதோடு, சாதாரணமாகக் கணினிக்குள் சுவர் தேயாமல் அப்படியே நிற்கும். நிஜத்தில் ஒரு குழி விழுந்ததும் தண்ணீர் அங்கே சுழன்று குழியை ஆழமாக்கும்.

மேலதிகாரிகள் அறிக்கையில் ஒரே எண் கேட்கிறார்களாம். மாற்று ரன்னர் எப்போது வாங்குவது என்பதே அதைப் பொறுத்தது. குறைந்தது இத்தனை, கூடினால் இத்தனை என்று இரண்டு எண் எழுதி, மணல் யாருடையது என்பதையும் பக்கத்திலேயே எழுது என்றேன். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் வேறென்ன சொல்வேன். எழுதியிருக்கிறான். மழை முடிந்ததும் டர்பைனைத் திறந்து இலைகளை அளப்பார்களாம். அந்த அளவு வந்ததும் எனக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.