அண்ணனும் தம்பியும் நடுவில் நானும்

(மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவி, உறையூர்)

‘தம்பியுடையான் படைக்கு அஞ்சான்’ என்னும் பழமொழியைத் தமிழம்மா கரும்பலகையில் எழுதி விளக்கம் எழுதச் சொன்னபோது, என் தோழியர் அனைவரும் இராமனையும் இலக்குவனையும் எழுதித் தள்ளினார்கள். நான் மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு விழித்தேன். எங்கள் வீட்டிலும் ஓர் அண்ணனும் ஒரு தம்பியும் உண்டு: என் அப்பாவும் சித்தப்பாவும். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இரண்டு ஆண்டுகளாக ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள்.

சண்டைக்குக் காரணம் தண்ணீர் மோட்டார். சிரிக்காதீர்கள், தோழியரே! மோட்டாரைப் பழுது பார்த்த செலவு யாருடையது என்று தொடங்கிய பேச்சு, தாத்தா காலத்துக் கணக்குவரை போய்விட்டது. அன்று முதல் எங்கள் வீட்டுத் தபால்காரி நான்தான். “அவனை லைட்டை அணைக்கச் சொல்லு” என்பார் அப்பா. “அணைச்சாச்சுன்னு சொல்லு” என்பார் சித்தப்பா. இருவருக்கும் இடையே நாலடி தூரம்கூட இராது. நான் நடுவில் நின்று இரண்டையும் ஒப்பிக்க வேண்டும்.

சித்தப்பா நெசவாளி. உறையூர்ச் சேலைக்கு ஒரு காலத்தில் இருந்த பெயரை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் எங்கள் வீட்டுத் தறி நின்றது. பிறகு அது ஓடவே இல்லை. சித்தப்பா வேறு வேலைக்கும் போகவில்லை. நாளடைவில் பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தபடியே இருப்பார். என் தம்பி அவருக்குப் ‘பல்லி’ என்று பெயர் வைத்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை இங்கே எழுதுவதற்குக் கை கூசுகிறது. அப்பாவோ, “சோம்பேறித்தனத்துக்கு ஏது வைத்தியம்?” என்று சுவருக்குக் கேட்கும்படி சொல்வார். அப்பாயி மட்டும் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து, ‘சின்னவன் பழையபடி ஆகணும்’ என்று எழுதச் சொல்லி, வெக்காளியம்மன் சன்னிதியில் சூலத்தில் கட்டிவிட்டு வந்தார்கள்.

இந்த நிலையில்தான், காலாண்டு விடுமுறை முடியும் ஞாயிற்றுக்கிழமை இரவு, அத்தை மகன் தன் மடிக்கணினியில் ‘கும்பளங்கி நைட்ஸ்’ என்ற மலையாளப் படத்தைப் போட்டான். 2019 பிப்ரவரியில் வெளிவந்த படம். சியாம் புஷ்கரன் எழுதி, மது சி. நாராயணன் இயக்கியது. கொச்சிக்கு அருகே உள்ள கும்பளங்கி என்ற உண்மையான ஊரில் கதை நடக்கிறது.

நான்கு சகோதரர்கள்: சஜி, போனி, போபி, பிராங்கி. எல்லாரும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள் அல்லர். தந்தை இறந்துவிட்டார், தாய் வீட்டை விட்டு இறைப்பணிக்குப் போய்விட்டாள். கதவில்லாத, பூச்சு இல்லாத வீடு. ஊரார் வேண்டாத நாய் பூனைகளைக் கொண்டுவந்து விடுகிற ஓரத்தில் அது நிற்கிறது. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! கடைசித் தம்பி பிராங்கி விடுதியில் தங்கிப் படிப்பவன். நண்பர்கள் வீட்டுக்கு வருகிறோம் என்றால், அம்மை போட்டிருக்கிறது என்று பொய் சொல்லித் தடுத்துவிடுவான். அந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் தோழியரை வீட்டுக்கு அழைத்ததில்லை.

மூத்தவன் சஜி (சௌபின் சாஹிர் நடித்திருக்கிறார்) உழைக்காதவன். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போய்த் துணி தேய்க்கும் முருகன் என்பவனை ஒட்டிக்கொண்டு குடித்துத் திரிகிறவன். ஒரு நாள் மனம் உடைந்து தன் உயிரை மாய்த்துக்கொள்ள முனைகிறான். காப்பாற்ற ஓடி வந்த முருகன் உயிரை விடுகிறான். முருகனாக வருபவர் நம் தமிழ் நடிகர் ரமேஷ் திலக். அவன் மனைவியாக வருபவரும் தமிழ் நடிகையான ஷீலா ராஜ்குமார். அதனாலோ என்னவோ, அப்பாயி அந்தக் கட்டம் முழுவதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு வரும் ஒரு காட்சிக்காகத்தான் இக்கட்டுரையையே எழுதுகிறேன். சஜிக்கு அழக்கூட வரவில்லை. தன்னைவிட எத்தனையோ வயது சிறியவனான பிராங்கியிடம் போய், தன்னை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போக முடியுமா என்று கேட்கிறான். மூத்தவன் சின்னஞ்சிறு தம்பியைக் கேட்கிறான்! டாக்டரின் அறையில் அவன் அழுகிற அழுகையில் அவர் சட்டையே நனைந்துபோகிறது. நமக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. படம் முழுக்க இப்படித்தான்.

அந்தக் காட்சியில் சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். படம் பிடிக்கவில்லை என்று நினைத்தோம். அப்பா நாளிதழ் படிக்கிற பாவனையில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நாளிதழ் தலைகீழாக இருந்தது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், தலைகீழாக இல்லை. ஆனால் அவர் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

படத்தில் எனக்குக் குறையாகத் தோன்றியது ஒன்று உண்டு. ஷம்மி என்றொருவன் (பகத் பாசில்) வருகிறான். மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுப் பெண்களை அடக்கி வைப்பவன். முடிவில் வெறி பிடித்துத் தாக்க வர, சகோதரர்கள் மீன் வலையை வீசிப் பிடிக்கிறார்கள். அரங்கில் கைதட்டல் எழும் காட்சிதான். ஆனாலும், சஜிக்கு ஒரு டாக்டர், ஷம்மிக்கு ஒரு வலையா? அவனுடைய கொடுமைக்கு நான் பரிந்து பேசவில்லை. அவனுக்குள் என்ன இருந்தது என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது. படத்தில் மதுவும் புகையும் உண்டு. கீழ் வகுப்புத் தங்கையர் பெற்றோர் இல்லாமல் பார்க்க வேண்டாம்.

மறுநாள் பள்ளியில் சிஸ்டரிடம் கதையைச் சொன்னேன். மகன்கள் போய்க் கெஞ்சிய பிறகும் திரும்பி வராத அந்தத் தாய் செய்தது சரியா என்று கேட்டேன். சிஸ்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “இந்தக் கதையில் உனக்கு யார் ஞாபகம் வந்தார்கள்?” என்று கேட்டார்கள். நான் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். “தூங்குகிறாரா?” விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து ஓடாத தறியில் உட்கார்ந்திருப்பார் என்றேன். “இருந்து என்ன பயன் என்று எப்போதாவது சொன்னாரா?” சொல்லியிருந்தார். நாங்கள் அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “இன்றே அப்பாவிடம் சொல். நாளை என்று வைக்காதே” என்றார்கள். இரவில் பயமாயிருந்தால் பேசுவதற்கு 14416 என்ற எண்ணையும் எழுதிக் கொடுத்தார்கள். அது 2022இல் மைய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். இரண்டு ஆண்டுகளாக அவர்கள் சொன்னதைச் சுமந்தேன். அன்று, இருவருமே சொல்லாததைச் சுமந்தேன். அப்பாவிடம் போய், “சித்தப்பா உங்களைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க” என்றேன். சித்தப்பாவிடம் போய், “காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அப்பா சொன்னாங்க” என்றேன். இரண்டும் பொய். சிஸ்டர் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மன்னிக்க வேண்டும்.

காலையில் அப்பா வண்டியை வெளியே எடுத்தார். சித்தப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தார். புத்தூர் அரசு மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரம்தான். ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் போவதை அப்பாயி தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டாக்டர் முதலில் சித்தப்பாவிடம் தனியாகவும், பிறகு அப்பாவை அழைத்தும் பேசினாராம். இது சோம்பல் அன்று, மனச்சோர்வு என்ற நோய். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தேறிவிட்டது என்று நாமாக நிறுத்தக்கூடாது என்றாராம். (சித்தப்பா இரண்டாம் மாதமே நிறுத்தினார். மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். மறுபடி அதே வண்டி, அதே புத்தூர்.)

முதல் நாள் அவர்கள் திரும்பி வரும்போது பிற்பகல் இரண்டு மணி இருக்கும். இருவரும் நேரே என்னைத் தேடி வந்தார்கள். வரிசையில் காத்திருந்தபோது, யார் யாரை அழைத்தது என்ற பேச்சு வந்து, என் குட்டு வெளிப்பட்டிருக்கிறது. “ரெண்டு பேருகிட்டயும் புளுகியிருக்காடா இவ” என்றார் அப்பா. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தம்பியைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. சித்தப்பா சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் படுக்கவும் இல்லை. சோறு போடச் சொல்லி அடுக்களைக்கு வந்தார்.

தறி இன்னும் ஓடவில்லை. சித்தப்பா இப்போது ஒரு துணிக்கடையில் மாலை நேரம் மட்டும் வேலை பார்க்கிறார். சில நாட்கள் போகிறார், சில நாட்கள் முடியவில்லை என்கிறார். அப்பா ஒன்றும் கேட்பதில்லை. போன வாரம் மோட்டார் மறுபடி பழுதாகிவிட்டது. கூடத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்று, தெருவே கேட்கும்படி சண்டை போட்டார்கள். நான் உள்ளே உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.