சொட்டுகிற எண்ணெய்க்கு எந்த எண்ணெய்?



நம் தோட்டப்புறங்களில் புதுக் கார் வாங்குவோர் சிலர். பழைய காரைப் பிள்ளைபோல் பேணி ஓட்டுவோர் பலர். 1985-இல் வந்த சாகாவையும் 1994-இல் வந்த கஞ்சிலையும் செம்பனைக் காட்டுச் சாலைகளில் இன்றும் காணலாம். வயதானவருக்கு மூட்டுவலி வருவதுபோல வயதான எஞ்சினுக்கு எண்ணெய்க் கசிவு வரும். காலையில் காரை எடுத்தால், நின்ற இடத்தில் நான்கைந்து கறுப்புப் பொட்டுகள் கிடக்கும். எந்த எண்ணெயை ஊற்றினால் இது நிற்கும் என்று நாமும் கேட்போம்.

என் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. அப்பா பால்வெட்டி ஓய்வு பெற்றபோது சேமநிதிப் பணத்தில் வாங்கிய கார், இப்போது என் கையில் இருக்கிறது. வாரம் மும்முறை அம்மாவை இரத்தச் சுத்திகரிப்புக்குப் பட்டணத்துக்கு அழைத்துப் போவது அதில்தான். நடுவழியில் எஞ்சின் இறுகி நின்றால் அன்றைய சிகிச்சை போயிற்று. ஒரு பட்டறையில் கியர்பெட்டியையே இறக்கி சீலை மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகையோ ஒரு மாதச் சம்பளம். பக்கத்து லயத்துத் தம்பியோ, “கெட்டி எண்ணெயா ஊத்துங்கண்ணே, எல்லாம் நின்னுரும்” என்றான். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது.

சீல் என்பது ரப்பர் வளையம். ஆனால் நாம் வெட்டிய மரத்து ரப்பர் அல்ல. மரத்து ரப்பர் எஞ்சின் எண்ணெயில் ஊறினால் உப்பிக் கூழாகிவிடும். அதனால் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரில் சீல் செய்கிறார்கள். அதுவும் சூட்டிலேயே ஆண்டுக்கணக்காக வெந்தால் விறைத்துச் சுருங்கும். அந்த இடைவெளியில்தான் எண்ணெய் கசிகிறது.

எண்ணெய் வாங்குமுன் இரண்டு வேலை செய்யுங்கள். முதலில், எஞ்சின் ஆறியபின் கறையைத் துடைத்துவிட்டு, இரவில் அடியில் ஓர் அட்டையை விரியுங்கள். காலையில் கசிவின் இடம் தெரியும். மேல்மூடி கேஸ்கெட், எண்ணெய் வடிக்கும் திருகு, ஃபில்டர் இவற்றில் கசிந்தால் செலவு குறைவு. எண்ணெயைத் தேடாமல் அதையே சரிசெய்துவிடுங்கள். சிவப்பு நிறத்தில் சொட்டினால் அது கியர்பெட்டி அல்லது ஸ்டீயரிங் எண்ணெயாக இருக்கலாம். சக்கரத்தின் பக்கம் நனைந்து பிரேக் எண்ணெயும் குறைந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

இரண்டாவது, எஞ்சினின் மூச்சுக்குழாயையும் அதிலுள்ள சிறு வால்வையும் பாருங்கள். அது அழுக்கால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் கசிவு கூடும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். டின்னில் 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று எண்கள் இருக்கும். டபிள்யூ எழுத்தை ஒட்டிய முதல் எண் குளிரில் ஓடும் தன்மையைச் சொல்கிறது. அடுத்த எண் எஞ்சின் சூடேறியபின் உள்ள கெட்டித்தன்மையைச் சொல்கிறது. நம் நாட்டில் பனி பெய்வதில்லை. ஆகவே பழைய எஞ்சினின் கையேடு அனுமதித்தால் 20டபிள்யூ-50 ஊற்றலாம். கசிவு சற்று மட்டுப்படும். ஆனால் 0டபிள்யூ-20 கேட்கும் புதுக் கார்களில் அதை ஊற்றாதீர்கள். அவற்றின் நுண்ணிய வழிகளுக்கு மெல்லிய எண்ணெய்தான் வேண்டும்.

அதிகம் ஓடிய வண்டிக்கென்றே விற்கும் எண்ணெயும் உண்டு. சுருங்கிய ரப்பரைச் சற்றே உப்பவைத்து மென்மையாக்கும் பொருள் அதில் கலந்திருக்கும். ஒரே நாளில் பலன் தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். கிழிந்த சீலை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. கசிவை உடனே நிறுத்தும் என்று தனியாக விற்கும் புட்டிகளில் சில, ரப்பரை அளவுக்கு மீறி இளக்கிப் பிறகு கெடுத்துவிடும். செயற்கை எண்ணெய் ஊற்றினால் கசியும் என்பதும் முழு உண்மையல்ல. ஓட்டையை அடைத்திருந்த பழைய கசடை அது கழுவிவிடும்போது, மறைந்திருந்த கசிவு வெளியே தெரிகிறது.

மோட்டார்சைக்கிள் வைத்திருப்போர் கார் எண்ணெயை ஊற்றவே வேண்டாம். பல வண்டிகளில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் நனைகிறது. கார் எண்ணெய் அதை வழுக்கச் செய்யலாம். ஜாசோ எம்ஏ என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

நான் செய்தது இதுதான். மூச்சுவால்வைக் கழுவி, மேல்மூடி கேஸ்கெட்டை மாற்றினேன். பிறகு அதிகம் ஓடிய வண்டிக்கான எண்ணெயை ஊற்றினேன். இரண்டாம் முறை எண்ணெய் மாற்றியபோது அட்டையில் ஒன்றிரண்டு பொட்டுகளே விழுந்தன. கிராங்க் தண்டின் பின்சீல் இன்னும் கொஞ்சம் கசிகிறது. கிளட்ச் தட்டு மாற்றும் நாளில் எப்படியும் கியர்பெட்டியை இறக்குவார்கள். சீலையும் அன்றே மாற்றினால் கூலி ஒன்றுதான். அதற்காக மாதாமாதம் கொஞ்சம் வெள்ளி ஒதுக்கி வருகிறேன். முன்சீல் கசிந்து டைமிங் பெல்ட் நனைந்தாலோ, சூடான புகைபோக்கியில் எண்ணெய் சொட்டினாலோ இப்படிக் காத்திருக்கக் கூடாது. முன்னது எஞ்சினை உடைக்கும். பின்னது தீ மூட்டும்.

வாரம் ஒருமுறை சமதரையில் வண்டியை நிறுத்தி அளவுகோலை இழுத்துப் பாருங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று தேதியோடு எழுதி வையுங்கள். சிறுதுளிதான் பெருவெள்ளம், சொட்டுச் சொட்டாகப் போனாலும் ஒருநாள் எஞ்சின் வறண்டுவிடும்.

வடித்த எண்ணெயை லயத்துக் கால்வாயில் கொட்டாதீர்கள். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அட்டவணைக் கழிவு. டின்னில் அடைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கால்வாய் ஓடிச் சேரும் ஆற்றில் நம் பிள்ளைகள்தான் மீன்பிடிக்கிறார்கள்.